மலையேறிய காய்ச்சல்

சாமியாடி ஓய்ந்து கீழே சரிந்ததும் "சாமி மலையேறிருச்சு" என்கிறோம். ஒழிந்துபோன வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது "அந்தக் காலமெல்லாம் மலையேறிப்போச்சு" என்கிறோம். நம் மொழியில் ஒன்று மலையேறினால் அது நம்மை விட்டு நீங்கிவிட்டது என்று அர்த்தம். காய்ச்சல் விஷயத்தில் இதைச் சொல்லுக்குச் சொல் நம்பி நடக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமா? பிப்ரவரி முதல் மே வரை ஏதாவதொரு சனிக்கிழமை இரவு, கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் வந்து நில்லுங்கள். கையில் மூங்கில் தடி, கழுத்தில் துண்டு, சட்டைப்பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. தொண்டையைச் செருமிக்கொண்டே வெள்ளியங்கிரியின் முதல் படியைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

இந்த வருடம் டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "மூணு நாளாக் காய்ச்சலுங்க. நேத்துச் சாயந்தரந்தான் விட்டுச்சு. நெஞ்சுச் சளிதான் இன்னும் கட்டிக் கெடக்குது. மேல போயி நல்லா வேர்த்து ஊத்துச்சுன்னா அதும் போயிருமுங்க." அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. தன் லாரியின் எஞ்சினில் லேசாகச் சத்தம் மாறினால்கூட வண்டியை ஓரங்கட்டிவிடுகிற ஓட்டுநர். தன் நெஞ்சிலிருந்து வரும் சத்தத்துக்கு மட்டும் ஓரங்கட்டத் தோன்றவில்லை.

அவரைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது. சில வருடங்களுக்கு முன் நானும் இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு இதே படியில் கால் வைத்தவன். "போயிட்டு வா கண்ணு. அங்க வீசறது மூலிகைக் காத்து. எறங்கும்போது சளியும் எறங்கியிருக்கும் பாரு" என்று சித்தப்பா தடியை எடுத்துக் கொடுத்தார். இறங்கும்போது என்ன இறங்கியிருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இது பிரியமாகச் சொல்லப்படும் நம்பிக்கை. பெரியவர்கள் வாயில், சூடான ரசத்தோடு சேர்த்துப் பரிமாறப்படுவது. அதனாலேயே இதை எதிர்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. நான் எதிர்க்கிறேன். வேர்த்தால் காய்ச்சல் போகும், ஏறினால் சளி கரையும், மலைக்காற்று நுரையீரலுக்கு மருந்து என்ற மூன்றுமே தவறு. மூன்றும் சேர்ந்து ஒருவரை நள்ளிரவில் மலைமேல் கொண்டுபோய் நிறுத்தும்போது அது ஆபத்தும்கூட.

வேர்வையை முதலில் எடுத்துக்கொள்வோம். அதுதான் வேர்.

மூளைக்குள் ஹைப்போதலாமஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி உடம்பின் சூட்டைக் காவல் காக்கிறது. கிருமி புகுந்ததும் அந்தக் காவல்காரன் சூட்டின் அளவை 37 டிகிரியிலிருந்து 39க்கு உயர்த்தி வைக்கிறான். உடம்போ இன்னும் 37ல் இருக்கிறது. அதனால்தான் சூடு ஏறத் தொடங்கும் நேரத்தில் நமக்குக் குளிர்கிறது, பல் கிட்டுகிறது, இரண்டு கம்பளி போதாமல் மூன்றாவது கேட்கிறோம். நடுக்கம் என்பது உடம்பு தனக்குத்தானே அடுப்பு மூட்டிக்கொள்வது. பிறகு சண்டை தணிந்தோ, பாராசிட்டமால் வேலை செய்தோ, காவல்காரன் அளவைத் திரும்ப 37க்கு இறக்குகிறான். இப்போது உடம்பு 39ல் இருக்கிறது. மிச்சச் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்வை கொட்டுகிறது, தலையணை நனைகிறது. விடிகாலையில் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வேர்த்துருச்சு, இனிமே பயமில்ல" என்கிறாள்.

அம்மா சொன்னது சரி. வேர்வை நல்ல செய்திதான். அந்தச் செய்தியையே நாம் மருந்தாக எடுத்துக்கொண்டோம். காய்ச்சல் விட்டதால் வேர்த்ததை, வேர்த்ததால் காய்ச்சல் விட்டது என்று தலைகீழாகப் படித்துவிட்டோம். மழை நின்றதும் எல்லோரும் குடையை மடக்குவதைப் பார்த்துவிட்டு, குடையை மடக்கினால் மழை நிற்கும் என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது. ஓடியோ ஏறியோ வரவழைக்கும் வேர்வைக்கும் காவல்காரன் வைத்த அளவுக்கும் சம்பந்தமே இல்லை. அது தசைகள் கிளப்பிய சூட்டை ஆற்றுவதற்கான வேர்வை. கிருமி அதில் வழிந்து போவதில்லை. போவது தண்ணீரும் உப்பும்தான், அதுவும் காய்ச்சலில் ஏற்கெனவே வற்றிக் கிடக்கும் உடம்பிலிருந்து. சூடு ஒரு டிகிரி ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்துவரை கூடுகிறது. அப்படி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தின் தலையில் வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் தூக்கி வைக்கிறோம்.

"அப்படின்னா ஏறும்போது மூக்கு தெறந்துக்குதே, அது எப்படிங்க?" என்று ஓட்டுநர் கேட்டிருந்தால் நியாயமான கேள்வி. திறக்கத்தான் செய்கிறது. இந்த நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. கடும் உழைப்பில் உடம்பு அட்ரினலின் சுரக்கிறது. அது மூக்கின் உள்தோலில் வீங்கியிருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, மூச்சுக்குழாய்களைச் சற்று விரிக்கிறது. மூச்சு வேகமும் ஆழமும் கூடுவதால் தேங்கிய சளி நகர்ந்து, நாலு இருமலில் வெளியே வருகிறது. முதல் மலையின் பாதியில் "அப்பாடா" என்றிருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் வெளியே வந்தது சளிதானே தவிர, சளியைச் சுரக்க வைத்த புண் அங்கேயே இருக்கிறது. உட்கார்ந்து ஆறிய அரை மணியில் மூக்கு மறுபடி அடைத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது அரை மணியை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

மூலிகைக் காற்றின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான். மெந்தால், யூகலிப்டஸ் வாசனைகள் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைச் சீண்டுகின்றன. மூக்கு திறந்த மாதிரி இருக்கும். காற்று போகும் வழியை அளந்து பார்த்தால் அது பெரிதாக மாறியிருக்காது. (ஊட்டி போகிற வழியில் கார்க் கண்ணாடியை இறக்கி, "மூலிகைக் காத்து, நல்லா இழு" என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோமே, அந்த வாசனையில் பாதி 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய மரத்தினுடையது. சித்தர்கள் அதன் அடியில் அமர்ந்திருக்க வாய்ப்பில்லை.)

மலைக்காற்று மருந்து என்பதை நாம் மட்டும் நம்பவில்லை. ஐரோப்பாவே ஒரு நூற்றாண்டு நம்பியது. 1850களில் ஹெர்மன் ப்ரேமர் என்ற ஜெர்மன் மருத்துவர் காசநோயாளிகளை மலைப்பகுதியில் வைத்துக் குணப்படுத்தலாம் என்று ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். அடுத்த பத்தாண்டிலேயே சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நுரையீரல் நோயாளிகளின் ஊராக மாறத் தொடங்கியது. பணக்காரர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு மாடத்தில் படுத்து மலைக்காற்று வாங்கினார்கள். கவனியுங்கள், படுத்துத்தான் வாங்கினார்கள். மலை ஏறவில்லை.

அந்த நம்பிக்கையின் அடித்தளத்தை ஆட்டியது நம் சென்னைதான் என்பது நம்மிலேயே பலருக்குத் தெரியாது. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்னின்று நடத்திய ஆய்வில், ஒரு பிரிவு நோயாளிகள் ஆரோக்கிய நிலையத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு என்று ஒரு வருடம் இருந்தார்கள். இன்னொரு பிரிவு சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே, இருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மாத்திரைகளை விழுங்கியது. 1959ல் முடிவு வெளிவந்தபோது இரு பிரிவுக்கும் குணம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. குணப்படுத்தியது மருந்து. காற்றுக்கு அதில் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. உலகமெங்கும் ஆரோக்கிய நிலையங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

கூர்மையான வாசகர் இங்கே என்னை மடக்கலாம்: "அப்போ ஓய்வும் தேவையில்லைன்னுதானே அந்த ஆய்வு சொல்லுது?" காசநோய்க்கு, சரியான மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது, கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கத் தேவையில்லை என்று சொல்கிறது. அது சரிதான். சென்னை நோயாளிகள் வீட்டில் நடமாடினார்கள், தண்ணீர் பிடித்தார்கள். யாரையும் பரங்கிமலைக்குக்கூட ஏறச் சொல்லவில்லை.

இனி கணக்கு. "விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்ற பழமொழி விருந்துக்குப் பொருந்தலாம். மூச்சுப்பாதைத் தொற்றுக்குப் பொருந்தாது. 2013ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சாதாரணச் சளித் தொற்றுக்குப் பின் இருமல் எத்தனை நாள் நீடிக்கிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சராசரி ஏறத்தாழ 18 நாள். இருமல் எத்தனை நாளில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள் என மக்களிடம் கேட்டபோது, ஏழெட்டு நாள் என்ற அளவில்தான் பதில் வந்தது. நடுவில் விழும் அந்தப் பத்து நாளில்தான் எல்லா விபரீதமும் நடக்கிறது. "இன்னுமா நிக்கல?" என்று இரண்டாவது மருத்துவரிடம் போவதும், தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் விழுங்குவதும், "மலையேறினா சரியாப்போகும்" என்று கிளம்புவதும் அந்தப் பத்து நாளில்தான்.

காய்ச்சல் இறங்கிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது? மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியைத் துடைத்து மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள் உண்டு. வைரஸ் அந்தச் சுவரையே உரித்துப்போட்டிருக்கலாம். புதுத் தோல் வளர வாரங்கள் ஆகும். அதுவரை உள்ளே நரம்பு முனைகள் புண்ணில் உப்புப் பட்ட மாதிரி சிலிர்த்துக்கொண்டிருக்கும். ஆறேழு வாரம்வரைகூட மூச்சுக்குழாய்கள் சட்டென்று சுருங்கும் தன்மையோடு இருக்கலாம். இப்போது மலையை நினைத்துப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று போதும். செங்குத்தாக ஏறும்போது அது பத்து மடங்கைத் தாண்டும். மூக்கால் அத்தனையையும் இழுக்க முடியாமல் வாய் திறக்கிறது. மூக்கு செய்துவந்த சூடாக்கல், ஈரமாக்கல், வடிகட்டல் மூன்றும் போச்சு. பின்னிரவின் குளிர்க்காற்றும், முன்னால் போகிறவர்களின் கால்கள் கிளப்பும் மாசிமாதப் புழுதியும் புண்ணான குழாய்க்குள் நேராக இறங்குகின்றன. இருக்கும் கொஞ்ச நஞ்சத் தெம்பையும் மலைமேல் வரும் ஆண்டிச் சுனையின் ஐஸ் தண்ணீரில் ஒரு முங்கு போட்டு முடித்துவைக்கிறோம்.

இது நுரையீரலின் கணக்கு. இதயத்தின் கணக்கு அபூர்வம், ஆனால் கொடூரம். சில வைரஸ்கள் இதயத் தசையையும் தொட்டுப் பார்க்கும். பெரும்பாலும் நமக்குத் தெரியாமலேயே வந்து போய்விடும். 1970ல் வெளியான ஓர் ஆய்வில், காக்ஸாக்கி வைரஸ் தொற்றிய எலிக்குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டு நீந்தவைத்தார்கள். சும்மா இருந்த எலிகளைவிட நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகியது, சாவும் கூடியது. எலி மனிதனில்லைதான். ஆனாலும் இதயத் தசை அழற்சி வந்த விளையாட்டு வீரர்களை மூன்று முதல் ஆறு மாதம் மைதானத்துக்கு வெளியே உட்கார வைக்கும் நெறி சும்மா வரவில்லை. பயிற்சியாளர்களிடம் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது: தொல்லை கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் (மூக்கொழுகல், தும்மல்) மெதுவாக நடக்கலாம்; கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் (நெஞ்சுச் சளி, காய்ச்சல், உடம்புவலி) எதுவும் கூடாது. நம் ஓட்டுநர் கழுத்துக்குக் கீழே இருந்தார்.

2024 சீசனில் வெள்ளியங்கிரியில் அடுத்தடுத்துப் பக்தர்கள் இறந்தபோது, இதய நோயும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது. அவர்கள் யாருக்கு என்ன இருந்தது என்று ஊகிப்பது முறையல்ல. நான் சொல்வது, அந்த அறிவிப்பைப் படித்தவர்களில் "மூச்சுத் தொல்லை" என்பதற்குள் தன் மூன்று நாள் காய்ச்சலையும் சேர்த்துக்கொண்டவர் எத்தனை பேர் என்பதுதான். அது ஆஸ்துமாக்காரர்களுக்கான அறிவிப்பு என்று நினைத்துத் தாண்டிப்போகிறோம்.

வெள்ளியங்கிரி சுமார் 6,000 அடி. உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. அங்கே எதிரி ஏற்றமும் குளிரும்தான். கைலாயத்துக்கும் அமர்நாத்துக்கும் லேவுக்கும் போகிறவர்களின் கதையே வேறு. அமர்நாத் 3,888 மீட்டர். லே 3,500. கைலாய வலத்தில் தோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல், அங்கே கிடைப்பது பாதிக் காற்று. காலையில் சென்னையில் இட்லி சாப்பிட்டவர் மறுநாள் காலை லேயில் இருக்கிறார், நெஞ்சில் பாதி ஆறிய இருமலோடு.

அந்த உயரத்தில் நுரையீரலுக்கென்றே ஒரு நோய் காத்திருக்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது, நுண்குழாய்கள் கசிந்து காற்றறைகளில் நீர் கோக்கிறது. ஏறிய இரண்டாவது மூன்றாவது இரவில் தொடங்கும் வறட்டு இருமல், பிறகு படுத்தாலும் அடங்காத இளைப்பு, முற்றினால் இளஞ்சிவப்பு நுரை. சமீபத்தில் மூச்சுப்பாதைத் தொற்று வந்து போனவர்களுக்கு இந்த அபாயம் கூடுதலாக இருக்கலாம் என்று மலை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அதைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. ஏற்கெனவே இருமிக்கொண்டு வந்தவருக்குப் புது இருமல் தெரியாது. "பழைய சளிதான்" என்பார்.

இந்தக் குழப்பத்துக்கு நீண்ட சரித்திரமே இருக்கிறது. 1891ல் ஆல்ப்ஸின் மோன் ப்ளாங்கில், 4,300 மீட்டருக்கு மேலிருந்த குடிசையில், ழாகோத்தே என்ற இளம் மருத்துவர் மூச்சுத் திணறிக் கிடந்தார். இறங்கச் சொன்னார்கள். உயரம் மனிதனை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்று மறுத்தார். இறந்தார். நிமோனியா என்று எழுதினார்கள். அறுபது எழுபது வருடம் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1960ல்தான் சார்லஸ் ஹூஸ்டன் (1953ல் கே2 சிகரத்துக்குக் குழு நடத்திப்போன அதே மலையேறி) கொலராடோவில் தன்னிடம் வந்த பனிச்சறுக்கு இளைஞன் ஒருவனின் நோயை விவரித்து, இது நிமோனியாவும் அல்ல, இதய நோயும் அல்ல, உயரம் தந்த நீர்க்கோப்பு என்று மருத்துவ உலகை நம்பவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்த நோயைப் பற்றி உலகுக்கு மிகுதியாகச் சொல்லிக்கொடுத்தது இந்திய ராணுவம். 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து அவசர அவசரமாக இமயத்துக்கு ஏற்றப்பட்ட வீரர்கள் கூட்டம் கூட்டமாக நோயுற்றார்கள். இந்தர் சிங் தலைமையிலான ராணுவ மருத்துவர்கள் 1969ல் வெளியிட்ட கட்டுரை 1,925 வீரர்களைப் பற்றியது. எல்லோரும் கட்டுமஸ்தானவர்கள். மலை உடற்கட்டைப் பார்த்து விடவில்லை.

அதே கொலராடோவுக்கு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சமவெளி மாநிலங்களிலிருந்து எல்க் மான் வேட்டைக்கு வருகிறார்கள். வேட்டை நமக்கு 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்துபோன விஷயம், அதன் நியாயத்துக்குள் நான் போகவில்லை. அவர்களின் மனநிலைதான் எனக்கு வேண்டும். அங்கே அரசு குலுக்கலில் அனுமதிச் சீட்டு தருகிறது. சில காட்டுப் பகுதிகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். சீட்டு விழுந்த வருடம், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு, மார்ச்சளி பிடிக்கிறது. போகாமல் இருப்பாரா? மூவாயிரம் மீட்டரில், முழங்கால்வரை பனியில், சுட்ட மானின் இறைச்சியைப் பல நடையாக முதுகில் சுமந்து இறங்க வேண்டிய வேலை அது. அங்கே மூலிகைக் காற்றும் இல்லை, சித்தரும் இல்லை. "மலைக்குப் போனால் சரியாகிவிடும்" என்ற சொல் மட்டும் அச்சு மாறாமல் இருக்கிறது.

ஏனென்றால் இதன் உண்மையான அடி வேர்வையிலோ மூலிகையிலோ இல்லை. லீவு போட்டாயிற்று. ரயில் டிக்கெட்டைக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து பிடுங்கியாயிற்று. ஏழு பேர் சேர்ந்து வேன் பேசியாயிற்று. மாலை போட்டாயிற்று, வேண்டுதல் வேறு. இத்தனைக்கும் பிறகு "நான் வரல" என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். வருவதற்கோ ஒரு சாக்குப் போதும். மூலிகைக் காற்று அந்தச் சாக்கு. ஆண்களுக்குக் கூடுதலாக ஒன்றுண்டு: "ஒரு சளிக்கா பயந்துட்ட?" என்ற ஒற்றைக் கேள்வியைத் தாங்கும் ஆண் நுரையீரல் இன்னும் படைக்கப்படவில்லை.

இதற்கு மருத்துவமும் உடந்தை. "நாளைக்கு மலைக்குப் போறேன் டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்பவர்களையும் எனக்குத் தெரியும், போட்டு விடுகிறவர்களையும் தெரியும். அந்த ஊசியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் காய்ச்சல், வலி, சோர்வு மூன்றும் ஒரே இரவில் பறந்துவிடும். நோய் மட்டும் அப்படியே இருக்கும். வண்டியின் எச்சரிக்கை விளக்குக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டி அனுப்புவது அது.

"எங்க தாத்தா நூத்திநாலு காய்ச்சலோட பழனிக்கு நடந்தே போனாரு" என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு தாத்தா இருக்கிறார். இருக்கட்டும். போய்விட்டு வந்த தாத்தாக்களுக்குத்தான் கதை சொல்லப் பேரன்கள் பிறந்தார்கள். பெரும்பாலான சளிக்காய்ச்சல் தானாகவே குணமாகும். மலைக்குப் போனவருக்கும் குணமாகும், போகாமல் வீட்டில் டிவி பார்த்தவருக்கும் குணமாகும். டிவிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

எனக்கு வருத்தம் என்னவென்றால், பழையவர்கள் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள். "காய்ச்சல் விட்டுருச்சா?" என்பது ஒரு கேள்வி. "உடம்பு தேறிருச்சா?" என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் வேறு வேறு நாளில் கேட்டார்கள். அம்மை இறங்கினால் முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று நாள் பார்த்துத்தான் தலைக்கு ஊற்றினார்கள். வைத்தியர்கள் மருந்துக்குப் பத்தியம் சொன்னார்கள், மருந்து முடிந்த பிறகு மறுபத்தியம் என்று தனியாக ஒன்று சொன்னார்கள். நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவே ஒரு திண்ணை இருக்கிறது, அதில் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மரபு மரபு என்று மூலிகைக் காற்றைப் பிடித்துக்கொண்ட நாம், மறுபத்தியத்தைத்தான் முதலில் கைவிட்டோம்.

அதற்காகக் கட்டிலிலேயே கிடக்கச் சொல்லவில்லை. 1966ல் டல்லஸ் நகரில் ஐந்து திடகாத்திர இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உழைக்கும் திறனில் கால்வாசிக்கு மேல் கரைந்துபோனது. ஆகவே காய்ச்சல் விட்டு ஓரிரு நாளில் வீட்டுக்குள் நடக்கலாம், அப்புறம் தெருவில், அப்புறம் மாடிப்படி. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா, காலையில் எழுந்ததும் நாடி பழையபடி இருக்கிறதா, இருமல் எழுப்பாமல் ராத்திரி தூங்க முடிகிறதா என்று உடம்பைக் கேட்டுக் கேட்டு ஏற்ற வேண்டும். நிமோனியா வந்திருந்தால் எக்ஸ்ரே தெளியவே ஆறு வாரம் ஆகலாம், வயதானவர்களுக்குப் பன்னிரண்டு வாரம்கூட. இதையெல்லாம் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

சித்தப்பா தடி கொடுத்து அனுப்பிய அன்றைக்கு நான் பாம்பாட்டிச் சுனை தாண்டிச் சிறிது தூரத்தில் உட்கார்ந்தவன் எழவில்லை. மூச்சை இழுத்தால் வலது விலாவில் கத்தி பாய்ந்தது. கூட வந்தவர்கள் "கொஞ்சம் ஒக்காந்தா சரியாயிரும்" என்றார்கள், நானும் அதையே சொல்லிக்கொண்டேன். எங்கிருந்தோ வந்த வயதான சாமியார் ஒருவர் மட்டும் என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, "மலை எங்கயும் போயிராது சாமி, எறங்கு" என்று கையைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். இறங்கினோம். காலையில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து எடுத்த படத்திலும் அதன் நிழல் தெரிந்தது. சித்தப்பா இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சளி இல்ல போல" என்றார். அதற்குமேல் அவரை நகர்த்த முடியவில்லை.

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, வியாழக்கிழமையே காய்ச்சல் விட்டுருச்சு. சனிக்கிழமை நைட்டு பசங்களோட வெள்ளியங்கிரி. உங்க தடி வேணும்."

"இருமல்?"

"அது லேசா இருக்கு மாமா. ஏறுனா சரியாயிரும்."

தடி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் அடிவாரத்திலேயே புதுத் தடி வாங்கிக்கொள்வான் என்று தெரியும். அக்காவுக்கும் போன் போட்டிருக்கிறேன்.